கோலாலம்பூரில் மென்பொருள் பொறியாளர் வேலை: ஆஃபர் கடிதம் முதல் வரிக் கணக்கை முடிப்பது வரை

தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், கோலாலம்பூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றிடமிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் கிளம்பியபோது நல்ல இட்லி எங்கே கிடைக்கும், எந்தக் கோயில் பக்கம் என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். எந்த மாதம் சேர்ந்தால் வரி எவ்வளவு போகும், பழைய வேலையை எப்போது விடலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்களும் அதே பாடு படக் கூடாது.

வேலை உங்களுக்குப் புதிதாக இருக்காது. சென்னையில் எழுதிய ஜாவாவும் பைத்தானும்தான் இங்கேயும். சிரமமெல்லாம் காகிதத்திலும் தேதியிலும் இருக்கிறது. இந்த நாட்டில் நீங்கள் தங்கும் உரிமையே நிறுவனம் வாங்கித் தரும் பாஸைப் பொறுத்தது. அதனால் "எச்.ஆர். பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் உங்களிடம் ஒரு நகல் இருக்கட்டும், ஒவ்வொரு தேதியும் உங்கள் காலண்டரிலும் இருக்கட்டும்.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் இதைப் படித்தால் நேராக 7ஆம் பகுதிக்குப் போய்விடலாம்.

1. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

வெளிநாட்டுப் பொறியாளருக்குத் தருவது எம்ப்ளாய்மென்ட் பாஸ். இதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். குடிநுழைவுத் துறையில் வெளிநாட்டு ஊழியர்களின் பாஸைக் கவனிக்கும் இ.எஸ்.டி. பிரிவில் அந்த நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். அரசு தரும் மலேசியா டிஜிட்டல் தகுதியைப் பெற்ற நிறுவனம் என்றால் விண்ணப்பம் அரசின் டிஜிட்டல் பொருளாதார அமைப்பான எம்டெக் வழியாகப் போகும். "உங்கள் நிறுவனத்துக்கு யார் மூலம் பாஸ் போடுகிறீர்கள், ஏற்கெனவே வெளிநாட்டவர் யாராவது வேலை பார்க்கிறார்களா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே எடுத்த அனுபவமுள்ள நிறுவனம் ஒரே மூச்சில் பதில் சொல்லும். பதில் இழுத்தால், பதிவே இனிமேல்தான் செய்யப் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு கூடுதல் காலம் ஒதுக்குங்கள்.

பாஸில் மூன்று பிரிவுகள் உண்டு, சம்பளம்தான் பிரிவை முடிவு செய்யும். 2026 ஜூன் 1 முதல் வரம்புகள் உயர்ந்தன. முதல் பிரிவுக்கு மாதம் 20,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும், இரண்டாம் பிரிவுக்கு 10,000 முதல் 19,999 வரை, மூன்றாம் பிரிவுக்கு 5,000 முதல் 9,999 வரை. அதற்கு முன்பு மூன்றாம் பிரிவு 3,000 ரிங்கிட்டிலேயே தொடங்கியது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு 4,000, 4,500 என்று யாராவது பேரம் பேசினால், அந்தச் சம்பளத்தில் பாஸே கிடைக்காது என்று நீங்களே சொல்லலாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று கடிதத்தில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னும் சில கேள்விகள் பாக்கி. எல்லாவற்றுக்கும் மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். எந்தப் பிரிவில், எத்தனை வருடத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள்? குடும்பத்துக்கான பாஸைச் சேர்த்தே போடுவார்களா, பிறகா? பாஸ் கட்டணம், விசா, விமான டிக்கெட் யார் செலவு? இடையில் விலகினால் அந்தச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் "ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுச் செலவையும் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி பதுங்கியிருக்கும். மாதம் ஆக ஆகத் தொகை குறைவதாக மாற்றித் தரச் சொன்னால் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். கேட்காதவருக்கு யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

பாஸ் வாங்கித் தருகிறேன் என்று உங்களிடமே பணம் கேட்கும் ஏஜென்ட் வந்தால் அந்த ஆஃபரையே விட்டுவிடுங்கள். "முதலில் டூரிஸ்ட்டாக வந்து வேலையில் சேருங்கள், பாஸை இங்கே வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் நிறுவனத்தையும் நம்பாதீர்கள். இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் வரும் சலுகை சுற்றிப் பார்க்கத்தான். அதில் வந்து லேப்டாப்பைத் திறந்து வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

2. இனிஷியல் பிரச்சினை

இதற்குத் தனிப் பகுதியே தேவை. நம் ஊர்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். கார்த்திகேயன்", பட்டச் சான்றிதழில் "கார்த்திகேயன் எஸ்.", பாஸ்போர்ட்டில் "கார்த்திகேயன் சுப்பிரமணியன்" என்று இருக்கும். நமக்கு மூவரும் ஒருவர்தான். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு மூன்று பேர். இதனாலேயே கோப்பு திரும்பி வந்து வாரக்கணக்கில் தாமதமானவர்களை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான்: இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். செலவு சில நூறு ரூபாய், ஒரே நாள் வேலை. ஆனால் இங்கே வந்தபின் அதை வாங்குவது பெரும்பாடு. பழைய நிறுவனங்களின் அனுபவக் கடிதங்களில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித் தரச் சொல்வதானால், விலகுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மலேசியாவில் வங்கி, வரித் துறை, சேமநிதி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் பெயரே எழுத்து மாறாமல் வர வேண்டும். ஒரு இடத்தில் சுருக்கி எழுதினால் அது பின்னாலேயே வரும்.

3. ஊரில் இருக்கும்போதே சேர்க்க வேண்டிய காகிதங்கள்

பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, வண்ணத்தில் ஸ்கேன். பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், அனுபவக் கடிதங்கள், புகைப்படங்கள், விவரமான ரெஸ்யூமே. பட்டம் உள்ளவருக்குப் பொதுவாக 3 வருட அனுபவம் எதிர்பார்ப்பார்கள், டிப்ளமோவுக்கு 5 வருடம். ஆகவே அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தெளிவாக இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் காலாவதிக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது இருக்கட்டும். அது முடியும் தேதிக்கு அப்பால் பாஸ் கிடைக்காது. இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு முன்பே புதுப்பியுங்கள். பாதியில் புதுப்பித்தால் பாஸ்போர்ட் எண் மாறி எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை (ஈ.சி.ஆர்.) என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மலேசியா அந்தச் சோதனைப் பட்டியலில் உள்ள நாடு. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்தச் சோதனை தேவையில்லை, ஆனால் விண்ணப்பித்தபோது சான்றிதழ் காட்டாமல் விட்டிருந்தால் பொறியியல் பட்டதாரியின் பாஸ்போர்ட்டிலும் குறிப்பு விழுந்திருக்கும். இது தெரியாமல் மீனம்பாக்கம் வரை போய்த் திரும்பிய குடும்பங்கள் உண்டு.

மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் வருவதானால் திருமணச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் முதலில் இந்திய வெளியுறவுத் துறையின் சான்றொப்பம், பிறகு சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பம், இந்த வரிசையில் வாங்கிவிடுங்கள். கோயிலில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் முதல் வேலையாகப் பதிவு செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகையும் போட்டோ ஆல்பமும் இங்கே செல்லாது.

4. ராஜினாமா எப்போது

பாஸ் அங்கீகாரக் கடிதத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான். ஆஃபர் கடிதம் வந்தவுடன் அல்ல, "விண்ணப்பம் போட்டாகிவிட்டது" என்று எச்.ஆர். சொன்னவுடனும் அல்ல.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்திய நிறுவனங்களில் 60, 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். கோலாலம்பூர் நிறுவனமோ அடுத்த மாதமே வரச் சொல்லும். பயந்துபோய் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "பாஸ் அங்கீகாரம் வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் சேருவேன்" என்று ஆஃபரிலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள். தேதியைக் குறிப்பிடாமல், அங்கீகாரத்திலிருந்து நாள் எண்ணுவதுதான் பாதுகாப்பு. ஆவணம் கொடுத்ததிலிருந்து விமானம் ஏறும் வரை இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம்.

அங்கீகாரத்துக்குப் பிறகு அதைக் காட்டி நுழைவு விசா எடுக்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

5. சேரும் தேதியும் வரியும்

கட்டுரையில் இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும், அவ்வளவு பணம் இதில் இருக்கிறது.

மலேசிய வரி வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரு வருடத்தில் 182 நாளோ அதற்கு மேலோ நாட்டில் இருந்தால் நீங்கள் வரிக் கணக்கில் உள்ளவாசி (ரெசிடென்ட்). குறைந்தால் வெளியாள் (நான்-ரெசிடென்ட்), சம்பளம் முழுவதற்கும் நேராக 30 சதவீதம் வரி, எந்தக் கழிவும் இல்லை. வித்தியாசத்தைப் பாருங்கள். மாதம் 10,000 ரிங்கிட் சம்பளம் என்றால் வருடம் 1,20,000. உள்ளவாசிக்குத் தனிநபர் கழிவு 9,000 போனால் மீதி 1,11,000. அதற்கு வரி 12,150 ரிங்கிட், மாதம் ஆயிரத்துச் சொச்சம். வேறு கழிவுகளைச் சேர்த்தால் இன்னும் குறையும். வெளியாளுக்கு மாதம் 3,000.

ஜூலை முதல் தேதிக்கு முன்பே வந்து, அந்த வருடம் பெரிதாக வெளியே போகாமல் இருந்தால் கவலையில்லை, 182 நாள் அந்த வருடத்திலேயே தேறிவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் தேறாது. அப்போதும் வழி இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, முதல் வருடத்தின் அந்தக் குறைந்த நாட்கள் அடுத்த வருடத்தின் தொடர்ச்சியான 182 நாளோடு ஒட்டியிருந்தால், முதல் வருடத்துக்கும் நீங்கள் உள்ளவாசிதான். தொடர்ச்சி என்றால் உண்மையிலேயே தொடர்ச்சி. சொந்தப் பயணமாக வெளியே போவது மொத்தம் 14 நாளைத் தாண்டக் கூடாது.

இங்கேதான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். ஆகஸ்டில் வருவார்கள், டிசம்பர் கடைசியில் விடுமுறை போடுவார்கள், பொங்கலும் முடித்துவிட்டு வரலாம் என்று மூன்று வாரம் ஊரில் இருப்பார்கள். தொடர்ச்சி அறுந்துவிடும். நாலைந்து மாதச் சம்பளத்துக்கு 30 சதவீதம் போனது போனதுதான். முதல் பொங்கலுக்கு ஊருக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் மலேசியாவில் இருந்துவிட்டு, பொங்கலுக்கு ஒரு வாரம் போய் வாருங்கள். தீபாவளிக்கும் போயிருந்தால் அதையும் அந்த 14 நாளில் சேர்த்து எண்ணுங்கள்.

போர்டிங் பாஸ்களைப் பத்திரப்படுத்துங்கள். தானியங்கி வாயில் வழியாகப் போனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, பின்னால் நாட்களைக் காட்ட வேறு அத்தாட்சி இருக்காது. முதல் மாதங்களில் சம்பளத்திலிருந்து 30 சதவீதம் பிடித்தால் பதறாதீர்கள். உள்ளவாசி என்று ஆனபின் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வரித் துறையான எல்.எச்.டி.என். தளத்தில் மார்ச் 1 முதல் தாக்கல் செய்யலாம், சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. ஆகஸ்டில் வந்தவருக்கு ஏப்ரலில் அடுத்த வருடத்து 182 நாள் முடிந்திருக்காது. அந்த ஒரு தாக்கலுக்கு மட்டும் வரி ஆலோசகர் ஒருவருக்குச் சில நூறு ரிங்கிட் கொடுப்பது வீண் செலவல்ல.

இந்தியப் பக்கமும் ஒரு தேதி இருக்கிறது. அங்கே வரி வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வெளிநாடு வாழ் இந்தியர். செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் கிளம்பி, மறுபடி அதிகம் போகாமல் இருந்தால் இது சரியாக வரும். இரண்டு பக்கமும் பார்த்தால் மே, ஜூனில் கிளம்புவதுதான் உத்தமம். பேச இடமிருந்தால் சேரும் தேதியை அதற்கேற்ப வையுங்கள். ஊர் வங்கிக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

6. முதல் மாதம்: வங்கி, வீடு, கையில் வேண்டிய பணம்

வங்கிக் கணக்குக்குப் பாஸ்போர்ட், பாஸ், நிறுவனத்தின் கடிதம் மூன்றும் வேண்டும். பாஸ் நடைமுறை முடியும் வரை பல கிளைகள் கணக்குத் திறக்காது. நிறுவனத்தின் சம்பளக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறதோ, அதே வங்கியில் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கிளைக்குப் போங்கள். அந்த நிறுவனத்தின் ஆட்களைப் பார்த்துப் பழகிய கிளையில் வேலை சீக்கிரம் முடியும்.

வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத வாடகை, அப்புறம் முதல் மாத வாடகை. 1,800 ரிங்கிட் வீடு என்றால் சாவி கையில் வர 6,300 ரிங்கிட். முதல் சம்பளம் வரும் வரை சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் 9,000, 10,000 ரிங்கிட் கையில் இருந்தால்தான் கடன் கேட்காமல் ஓட்டலாம். தனியாள் என்றால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அறை மட்டும் எடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கம், சாப்பாட்டுக்கும் கோயிலுக்கும் கவலையில்லை. செந்தூல் இன்னும் கொஞ்சம் மலிவு. வீட்டை முடிவு செய்யும் முன் அலுவலகம் எங்கே என்று சரியாகப் பாருங்கள். "கோலாலம்பூர்" என்று ஆஃபரில் இருக்கும், வேலை நகருக்கு வெளியே தள்ளியிருக்கும் சைபர்ஜெயாவில் இருக்கும். புத்ராஜெயா எம்.ஆர்.டி. பாதை 2023இல் முழுதாகத் திறந்த பிறகு ரயிலிலேயே போகலாம் என்றாலும், தினமும் செந்தூலிலிருந்து போய்வருவது உடம்புக்கு ஆகாது. சக ஊழியர்கள் 50 ரிங்கிட் மாதப் பயண அட்டை பற்றிச் சொல்வார்கள். அது குடிமக்களுக்கு மட்டும், உங்கள் பட்ஜெட்டில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி அவசியம்: பாஸ் ரத்தானாலோ, புதுப்பிக்கப்படாமல் போனாலோ இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யலாம், முன்பணம் திரும்ப வரும். வெளிநாட்டவருக்கு இதைப் போட்டுத் தருவது வழக்கம்தான், கேட்டால் கிடைக்கும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி ஸ்டாம்ப் செய்யுங்கள். ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது. நுழைந்த நாளே சுவர், குழாய், ஏர்கான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில வீட்டு விளம்பரங்களில் இன்ன இனத்தாருக்கு மட்டும் என்றே போட்டிருப்பார்கள். சில இடங்களில் பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்பார்கள். இது மனதைப் புண்படுத்தும் விஷயம், இதைச் சாதாரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நேரம் முக்கியம். நேரில் போகும் முன்பே "இந்தியர், குடும்பத்தோடு, எம்ப்ளாய்மென்ட் பாஸ்" என்று செய்தி அனுப்பி, சரி என்றவர்களின் வீட்டை மட்டும் போய்ப் பாருங்கள்.

7. அலுவலகம் எப்படி இருக்கும்

சார், மேடம் கிடையாது. மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒரே குழுவில் மலாய்க்காரர், சீனர், தமிழர், ஃபிலிப்பினோ, வியட்நாம்காரர் எல்லாரும் இருப்பார்கள். பேச்சு ஆங்கிலம், இடையிடையே மலாய். மலேசியத் தமிழ் நண்பர்கள் உங்களிடம் தமிழில் பேசுவார்கள், ஒரு வாரத்திலேயே அண்ணன், அக்கா ஆகிவிடுவார்கள். ஆனால் கூட்டத்தில் மற்றவர்கள் இருக்கும்போது தமிழில் பேசிக்கொள்ளாதீர்கள். நாம் தனிக் கூட்டம் சேர்ப்பதாக எண்ணம் வந்துவிடும், அது போக நாளாகும்.

டிசைன் விவாதங்களில் இங்கே யாரும் முகத்துக்கு நேராக "இது தப்பு" என்று சொல்வதில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த வேலை நகர்ந்தே இருக்காது. கூட்டம் முடிந்ததும் முடிவு என்ன, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். எதிர்க் கருத்து இருந்தால் அந்தச் செய்திக்குப் பதிலாகத் தனியாக வரும். சென்னையில் குரலை உயர்த்தி வாதாடிப் பெயர் வாங்கியவர்கள் இங்கே அதே முறையில் போனால் குழுவையே இழப்பார்கள். எழுதத் தெரிந்த பொறியாளருக்கு இங்கே மரியாதை அதிகம்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், சாப்பாட்டு இடைவேளை நீளம். அந்த நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள், வெளியீடும் வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் மாலை நேரக் கூட்டங்களைக் காலைக்கு மாற்றுவார்கள். சீனப் புத்தாண்டுக்கும் ஹரி ராயா என்னும் நோன்புப் பெருநாளுக்கும் முன்பு கோட் ஃப்ரீஸ் (மென்பொருளில் புது மாற்றம் எதுவும் செய்யக் கூடாத காலம்) இருக்கும், அதற்கு முந்தைய வாரத்தில் வேலை குவியும். விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தைப்பூசம் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் விடுமுறை. ஆனால் பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச நாள் கோலாலம்பூருக்கு உண்டு, சிலாங்கூரில் இருக்கும் சைபர்ஜெயாவுக்கு இல்லை. குழு இரண்டு இடத்தில் இருந்தால் ஸ்பிரின்ட் போடும்போதே இதைப் பாருங்கள்.

சிங்கப்பூரும் நாமும் ஒரே நேரம், இந்தியா இரண்டரை மணி நேரம் பின்னால். பெங்களூருக் குழுவோடு வேலை செய்தால் அவர்களின் மாலைக் கூட்டம் உங்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வரும். வங்கி வாடிக்கையாளர்கள் என்றால் மாற்றங்களை இரவில்தான் அனுமதிப்பார்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கையின்படி நடக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்புதல், யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு எல்லாம் கேட்பார்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் குறுக்கு வழியில் போகாதீர்கள். உண்மையான வாடிக்கையாளர் தரவைச் சோதனைக்கு எடுத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2025 ஜூன் முதல் தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆன்கால் பற்றி, அதாவது வேலை நேரம் முடிந்த பிறகும் கோளாறு வந்தால் எழுந்து பார்க்கும் முறை பற்றி. வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. ஆனால் அதே சட்டத்தில் ஓவர்டைம் பணம் கேட்கும் உரிமை மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவர்களுக்கே. பாஸில் வரும் பொறியாளர் யாருமே அதற்குள் வர மாட்டார். அதனால் ஆன்கால் வாரத்துக்கு எவ்வளவு தொகை, இரவு எழுந்தால் மறுநாள் விடுப்பு உண்டா என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் உங்களுக்கு ஒன்றுமே கிடையாது. வருட விடுப்பு சட்டப்படி முதல் இரண்டு வருடம் 8 நாள்தான். மென்பொருள் நிறுவனங்கள் பொதுவாக அதைவிட அதிகம் தரும், 14க்குக் குறைந்தால் பேசிப் பாருங்கள். மருத்துவ விடுப்பு 14 நாள், அதற்குக் கிளினிக்கின் எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்யவோ நேரம் மாற்றவோ எழுத்தில் கேட்கலாம், நிறுவனம் 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும்.

புரொபேஷனில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை முதல் வாரத்திலேயே மேலாளரிடம் எழுதி வாங்குங்கள். உள்ளூர்க்காரருக்கு வேலை போனால் வேலை மட்டும் போகும். உங்களுக்குப் பாஸும் சேர்ந்து போகும்.

8. சம்பளச் சீட்டு

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் சேமநிதி கட்டாயம்: உங்களிடம் 2 சதவீதம், நிறுவனம் 2 சதவீதம். உள்ளூர்ச் சக ஊழியருக்கு நிறுவனம் 12 அல்லது 13 சதவீதம் போடும். அதனால் அவர் சம்பளத்தோடு உங்கள் சம்பளத்தை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புக் காப்பீட்டுக்கான பிடித்தமும் இருக்கும். ஒவ்வொரு மாதச் சீட்டையும் நிறுவனக் கணக்கில் வைக்காமல் சொந்த மின்னஞ்சலில் சேமியுங்கள். விலகும் நாளில் அந்தக் கதவு மூடிவிடும்.

9. வேலை மாறுவதும் நாடு திரும்புவதும்

பாஸ் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறாது. பழையது ரத்தாக வேண்டும், புதிய நிறுவனம் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், விடுவிப்புக் கடிதமும் கேட்பார்கள். அதனால் பழைய மேலாளரோடு மனக்கசப்பில்லாமல் விலகுவது இங்கே காரியத்துக்கும் அவசியம். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையைக் காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள். வேலையை விட்ட பிறகும் ஒருவரைத் தொழில் செய்ய விடாமல் தடுக்கும் நிபந்தனை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி செல்லாது. புதுப்பிப்பதானால் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே எச்.ஆரிடம் நினைவூட்டத் தொடங்குங்கள்.

நாடு திரும்பும்போது நிறுவனம் குறைந்தது 30 நாள் முன்பே வரித் துறைக்கு சி.பி. 21 படிவம் அனுப்ப வேண்டும். அனுப்பியதும் உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, வரி பாக்கி இல்லை என்ற கடிதம் வரும் வரை, நிறுத்தி வைப்பார்கள். அது 90 நாள் வரை நீளலாம். இது சட்டம், நிறுவனத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. கடைசி மாதச் சம்பளமும் விடுப்புப் பணமும் கைக்கு வராது என்று வைத்துக்கொண்டு இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகச் சேர்த்து வையுங்கள். ராஜினாமா கடிதத்தோடு சேர்த்தே "சி.பி. 21 எந்தத் தேதியில் போகும்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வரிக் கணக்கு எல்லா வருடத்துக்கும் தாக்கலாகியிருந்தால் கடிதம் சீக்கிரம் வரும்.

அந்தக் கடிதம் வரும் வரை மலேசிய வங்கிக் கணக்கை மூடாதீர்கள். நிறுத்தி வைத்த சம்பளம், வீட்டு முன்பணம், வரி திரும்ப வருவது எல்லாம் அதில்தான் வந்து சேரும். சேமநிதியில் இருப்பதையும் நாட்டை விட்டுப் போகும் வெளிநாட்டவர் என்ற வகையில் எடுத்துவிடலாம். பாஸ் ரத்தான ஆவணத்தையும் பயணச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, கிளம்பும் வாரத்துக்கு முன்பே சேமநிதிக் கிளைக்கு நேரில் போய் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.